நாகவேர்ப் பொடியும் மூன்று கண்ணாடிக் குவளைகளும்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் காஜா பெராங் ஊர் மக்களின் மூட்டுகளுக்கும் விடுதலை வாங்கித் தர அப்பாசாமி அடிகள் வந்து சேர்ந்துவிட்டார்.

கொட்டகை போட்ட முதல் வாரமே கூட்டம் சாலைவரை நின்றது. தெங்கேராவிலிருந்து ரிக்‌ஷாவில் வந்தார்கள். புக்கிட் காதிலிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழை மறந்துபோன செட்டி வீட்டுப் பெண்கள்கூட வந்து அடிகளின் மந்திரத்தைக் கண்மூடிக் கேட்டார்கள். அவர்களுக்கும் புரியவில்லை; தமிழ் தெரிந்தவர்களுக்கும் புரியவில்லை. புரியாததால் பக்தி கூடியது.

அடிகளின் முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. அதில் சந்தனம் பூசிய முரட்டு வேர். குனோங் லேடாங் மலை உச்சியில் நாகம் காவல் காக்கும் பாறையிடுக்கில் பிடுங்கியதாம். அதை இடித்ததுதான் நாகவேர்ப் பொடி. காலையில் ஒரு பொட்டலம், மாலையில் ஒன்று. சந்தேகப்படுகிறவனுக்கு மட்டும் பலிக்காது. எவ்வளவு வசதியான மருந்து!

வேடிக்கை என்னவென்றால், பொடி உண்மையிலேயே வலியைப் போக்கியது. பஸ் ஓட்டும் நடராஜன் அதற்குச் சாட்சி. கிளட்ச் மிதித்து மிதித்து வீங்கிய முழங்கால் அவருக்கு. மனைவி விஜயா ஆஸ்பத்திரி மருந்தறையில் வேலை செய்பவள். மருந்துச் சரக்கு நல்லதா, கலப்படமா என்று சோதிப்பது அவள் அன்றாட வேலை.

"உங்க ஆஸ்பத்திரி மருந்துல என்னா கண்டேன்? சாமி பொடி போட்டேன், அரை மணி நேரத்துல வலி பறந்துபோச்சு லா!"

"என்னா வேருங்க அது?"

"சாமி வேரு. கேள்வி கேட்டா பலிக்காது. நீ சும்மா இரு."

விஜயா சும்மா இருந்தாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மூன்றாவது வாரம் நடராஜன் பஸ் நிலையத்தில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். ரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தார்கள்.

"வலி மாத்திரையை அள்ளி முழுங்கினவங்களுக்குத்தான் வயிறு இப்படிப் புண்ணாகும்," என்றார் டாக்டர்.

"மாத்திரையத் தொட்டதே இல்ல, டாக்டர். மூலிகை மட்டுந்தான்." அந்த நிலையிலும் நடராஜன் அடிகளை விட்டுக்கொடுக்கவில்லை.

விஜயாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மிச்சமிருந்த பொட்டலத்தை மருந்தறைக்குக் கொண்டுபோனாள். பொடியை நீரில் கொதிக்கவைத்து, ஆற்றி, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் இரும்பு உப்பு கரைத்த மஞ்சள் திரவம் இரண்டு சொட்டு விட்டாள். தண்ணீர் பளிச்சென்று ஊதாவானது. வலி மாத்திரையான ஆஸ்பிரினைச் சோதித்தால் வருகிற அதே ஊதா.

சனிக்கிழமை மாலை கொட்டகைக்குப் போனாள்.

"சாமி, உங்க பொடி சாப்பிட்ட எங்க வீட்டுக்காரரு ரத்தம் கக்கிட்டாரு."

"கெட்ட ரத்தம்! வெளிய வந்துருச்சு, சந்தோஷப்படு தாயே!"

கூட்டம் கைகூப்பியது.

"அப்ப அந்த வேர்ல கொஞ்சம் சீவிக்கிறேன், சாமி. உங்க மருந்தோட மகிமைய எல்லாருக்கும் காட்டறேன்."

மகிமை என்றதும் அடிகள் தட்டையே முன்னால் தள்ளினார். பொட்டலமும் ஒன்று தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்து டீக்கடைக் கபீர் அடுப்பைக் கொடுத்தார். எதிர்க் கடையில் ஓர் ஆஸ்பிரின் மாத்திரையும் வாங்கி வந்தார். வேர், பொடி, மாத்திரை மூன்றையும் தனித்தனியாகக் கொதிக்கவைத்து, மூன்று கண்ணாடிக் குவளைகளில் வடித்து, ஆறியதும் விஜயா மருந்தறையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் திரவத்தைச் சொட்டு விட்டாள்.

வேர்த் தண்ணீர் பச்சை கலந்த கருப்பாகி அசிங்கமாக நின்றது. பொடித் தண்ணீர் ஊதா. மாத்திரைத் தண்ணீரும் ஊதா.

"வேருக்கு ஒரு நெறம். அதே வேர்ல இடிச்ச பொடிக்கு வேற நெறமா? மாத்திரையும் பொடியும் மட்டும் ஒரே நெறம். எப்படி, சாமி?"

"ஊதா அம்மனோட நெறம்! என் மந்திரம் எறங்கியிருக்கு!"

"எதிர்க் கடை மாத்திரையிலயும் உங்க மந்திரமா? கடை மொதலாளி தவுக்கேக்குத் தெரியுமா?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. கபீர் பின்பக்கத் திரையை இழுத்தார். ஓர் உரல், காய்ந்த சருகு ஒரு சாக்கு, காலி ஆஸ்பிரின் போத்தல்கள் ஒரு மலை. நாகத்தை மட்டும் காணோம்.

போலீஸ் வந்து பெயர் கேட்டபோது அடிகள் திடீரென்று மௌன விரதம் பூண்டுவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்னம்மா வந்தாள். ஒரு மாதமாக அடிகளின் பொடியைத் தின்றவள். விஜயாவின் முன்னால் கைகூப்பினாள்.

"மிஸி, நீங்கதான் தெய்வம்! அந்த ஊதாத் தண்ணி கொஞ்சம் குடுங்க, முட்டியில தடவிக்கிறேன்."

அவளுக்குப் பின்னால் அதற்குள் நான்கு பேர் வரிசை.

விஜயா மூன்று குவளைகளையும் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"தேஞ்சுபோனது முட்டி மட்டுந்தான், அக்கா. மூளை இன்னும் புத்தம்புதுசா இருக்கு. அதையும் கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்க."