பதினோரு மணிக்கு வீட்டில் இல்லாதவர்கள்

நில உரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி அதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும்: நான் எடமலைப்பட்டி புதூருக்குப் போனதற்கு முன், போனதற்குப் பின்.

1983-இல், அங்கே ஏரிக்கரைப் புறம்போக்கில் குடியிருக்கும் ஏழைகளுக்குப் பட்டா வழங்க அரசாங்கம் திருவுளம் கொண்டது. பட்டா கிடைக்காத குடிசைகளை மறுநாளே பிரித்துவிடும். 'மெய்யாகக் குடியிருப்பவர்' யாரென்று கண்டறிய ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தைரியராஜ் புறப்பட்டார். அவருக்கு அறிவுத்துணையாக, பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான்.

விதி எளிது. காலை பதினோரு மணிக்குக் குடிசைக்குள் இருப்பவரே குடியிருப்பவர். அந்நேரம் ஏழைகள் வேலைக்குப் போயிருப்பார்களே என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருப்பவர் எப்படி ஏழையாவார்?

அமிர்தத்தின் குடிசையில் அடுப்பு இன்னும் சுட்டது. கொடியில் ஈரச்சேலை. வாசலில் ஓர் ஆடு.

"சித்தாள் வேலைக்குப் போயிருக்குங்க. ரொம்ப வருசமா இங்கதான் இருக்கு" என்றார் பக்கத்துக் குடிசை வீரமலை.

"ஆளைக் காட்டுய்யா."

"ஆடு நிக்குதுங்களே சார்."

"ஆட்டுக்கா பட்டா குடுக்கச் சொல்றே?"

நான் குறுக்கிட்டு, சட்டி பானையைப் போட்டுவைத்தால் இடம் சொந்தமாகிவிடாது, ஆள் இருந்தால்தான் உரிமை என்று விளக்கினேன். இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோய் 'ஆளில்லை' என்று குறித்துக்கொண்டார்.

நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அமிர்தம் ஓடிவந்தார். கையில் சிமென்ட் காயவில்லை.

"அது என் வீடுதாங்க. இப்பதான் வந்துட்டேனே, எழுதிக்குங்க."

"மணி பன்னெண்டரை. இனிமே தாசில்தாரைத்தான் பாக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப நானும் நீங்க போற பஸ்லயே தாலுகா ஆபீசுக்கு வரேங்க. நாளைக்கு வந்து பிரிச்சுட்டா எங்க போவேன்?"

பஸ் நெரிசலாக வந்தது. ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் என் கைக்குட்டையைப் போட்டுவிட்டு, அவசரப்படாமல் ஏறினேன். முன்பக்கமாக ஏறிய அமிர்தம் அந்தச் சீட்டில் உட்காரப் போனார்.

"அம்மா, அது என் இடம்."

"ஆளில்லையேன்னு பாத்தேன், தம்பி."

"கைக்குட்டை கிடக்குதுல்ல?"

அமிர்தம் கைக்குட்டையைச் சிமென்ட் படாமல் நுனியில் பிடித்து எடுத்தார். என்னிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தாலுகா ஆபீஸ் வரை நான் உட்கார்ந்தே போனேன்.