ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் துணி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நம் இருவருக்கும் பொதுவான பேத்தியின் இன்னொரு தாத்தா எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்கள் நலமாக இருப்பதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வீடு தள்ளி இருப்பவருக்குக் கடிதமா என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் வந்தால் தாங்கள் வாயைத் திறப்பதில்லை, நான் திறந்தால் மூடுவதில்லை. ஆகவே எழுத்தில்.

விஷயம் நம் கோல்ஃப் வண்டி பற்றியது. கால் வலிக்காரக் கிழங்கள் இரண்டும் குடியிருப்புக்குள் சுற்றி வரட்டும் என்று என் மகனும் தங்கள் மகளும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. கூரையும் முன்னே பின்னே கண்ணாடியும் இருந்தன, பக்கங்கள் திறந்து கிடந்தன. மழைக்கு அடைக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. எதைக் கொண்டு அடைப்பது என்பதில்தான் வந்தது வினை. வங்கியில் லாக்கர் அறையைக் காத்தவன் நான். இரும்புச் சட்டமும் கண்ணாடியும் போட்ட கதவு என்றேன். ஜவுளிக்கடை நடத்தியவர் தாங்கள். மழைக்கு இறக்கி, வெயிலுக்குச் சுருட்டி மேலே கட்டிக்கொள்ளும் துணி என்றீர்கள். "ஆளுக்கு ஒரு பக்கம் போட்டுக்குங்கப்பா, என்னை வேலை செய்ய விடுங்க" என்று என் மகன் போனில் சலித்துக்கொண்டதை நாம் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம். ஓட்டும் பக்கம் என் கதவு, தாங்கள் உட்காரும் பக்கம் தங்கள் துணி.

அதன் பிறகு கதவின் கனத்தில் வண்டி என் பக்கம் சாய்ந்தது, சாய்ந்ததில் கதவு தொங்கியது, தொங்கியதில் இறங்கும்போதெல்லாம் தோளைக் கொடுத்துத் தூக்கித் தள்ள வேண்டியதாயிற்று, தங்கள் துணியோ காற்றில் உப்பித் தங்கள் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தது, நீங்களும் ஒண்ணும் நடக்காத மாதிரி ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தீங்க, நானும் பாக்காத மாதிரியே ஓட்டினேன். போன வாரம் மழையில் தங்கள் பக்கமாக வந்த தண்ணீர் என் கதவில் முட்டி நின்று நம் இருவர் செருப்பையும் மிதக்கவிட்டது. அப்போதுதான் வாய் சும்மா இராமல், "துணி கிழிச்ச கைக்குக் கதவோட அருமை எங்க தெரியும்" என்று சொல்லிவிட்டேன். இறங்கினீர்கள், துணியை இறக்கி வெளியிலிருந்து எல்லா வாரையும் இறுக்கிக் கட்டினீர்கள், மழையிலேயே நடந்து போய்விட்டீர்கள். அந்தக் கட்டு அப்படியே இருக்கிறது.

நாளை காலை கதவு மாட்டுகிறவர் வருகிறார். தங்கள் பக்கமும் கதவே போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. கதவு என்றால் உள்ளே இருப்பவன் யார் தயவும் இல்லாமல் தானே திறக்கலாம், தானே மூடலாம். துணிக்கு வெளியே ஓர் ஆள் நின்று வாரை அவிழ்க்க வேண்டும். இந்த வயதில் இன்னொருவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியுமா? சம்மதம் இல்லையென்றால் எழுத்தில் தெரிவிக்கவும். ஒரு வாரமாகத் தனியாகத்தான் சுற்றுகிறேன். வண்டி அமைதியாக ஓடுகிறது. முன்பெல்லாம் பூங்காவை எத்தனை தடவை சுற்றுவோம் என்று கணக்கே இருக்காது, இப்போது ஒரே சுற்றில் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம். பேத்தி போன் செய்தால் தாத்தாக்கள் இருவரும் ஒன்றாகத்தான் சுற்றுகிறோம் என்று சொல்லவும். நானும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்பை இழக்க விரும்பாத
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தைக் கையோடு கொடுத்துவிடலாம் என்று வண்டியிலேயே வந்தேன். ஹாரன் அடிப்பது நான்தான். தங்கள் வாசலில் வண்டிக்குள்ளேயே இருக்கிறேன், என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. தூக்கித் தள்ளிப் பார்த்தேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தங்கள் பக்கத்து வார்கள் எல்லாம் வெளியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து அவிழ்க்கப் பார்த்தார், வேண்டாம்னு அனுப்பிட்டேன். நீங்க கட்டினது, நீங்களே வந்து அவிழ்த்துடுங்க. துணிக்கு அடியில் இந்தத் தாளை நீட்டிக்கொண்டிருக்கிறேன். கதவுக்காரரை நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன். அப்படியே செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க சம்பந்தி, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.