பிடோக்கில் ஐம்பது கையெழுத்து

மூன்று வாரம் மாடி மாடியாக ஏறி இறங்கியும் விஸ்வலிங்கத்தின் மனுவில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. அதுவும் அவருடையதே.

சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டு நலச்சங்கம் ஒன்றின் கௌரவச் செயலாளர் அவர். அடித்தட்டு மக்களைத் திரட்டுவது எப்படி என்று மாலை வகுப்பில் மேற்படிப்பு படித்தார். அதற்குச் செய்முறைத் தேர்வாக, ஏதாவதொரு அடுக்குமாடி புளோக்கில், மக்கள் குறைக்காக ஐம்பது கையெழுத்து வாங்கவேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். தவறினால் பட்டம் கிடையாது. பட்டத்தோடு விசிட்டிங் கார்டோ முன்பே அச்சாகிவிட்டது.

பிடோக்கில் ஒரு புளோக்கைப் பிடித்தார். அங்கே லிஃப்ட் மூன்று மாடிகளில்தான் நிற்கும். எல்லா மாடியிலும் நிற்கவேண்டும் என்று மனு எழுதினார், ஐந்து பக்கம்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் சார், நாளைக்கு வாங்க லா," என்றார் ஏழாம் மாடி சிலுவைராஜ்.

நாளைக்கும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மறுத்தால் மறுபடி தட்டு என்றது பாடநூல்.

அடுத்த வாரம் கீழே நின்று ஒலிபெருக்கியில், "உரிமை இழந்த மக்களே!" என்று முழங்கினார்.

"யோவ், நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான்யா படுத்தேன்!" மேலிருந்து ஒரு செருப்பு விழுந்தது.

அதைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கையெழுத்துக் கேட்கப் போனார். படாரென்று கதவு சாத்திக்கொண்டது. செருப்பு கையிலேயே தங்கிவிட்டது.

மூன்றாம் வாரம், எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தட்டினார். டிவியில் தமிழ்ப் படம், கிளைமாக்ஸ்.

வெள்ளிக்கிழமை மாலை, தளராத நெஞ்சோடு வந்தவர் திகைத்து நின்றார். கீழ்த்தளத்து மளிகைக்கடை அல்போன்சம்மாள் முன்னால் நீண்ட வரிசை. மைலோ டின்னுக்கு அடியில் பாதி மறைந்து ஒரு தாள். சிலுவைராஜ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்!

"மனுவாம்மா?"

"ஆமா சார். ஐம்பது பேராவது போட்டாத்தான் ஆபீஸ்ல வாங்குவாங்களாம்."

விஸ்வலிங்கம் பூரித்தார். விதைத்தது முளைத்துவிட்டது! "மூணு வாரமா நான் முட்டி மோதினேன். ஒரே நாள்ல எப்படிம்மா?"

"என்ன கஷ்டம்னு கேட்டேன் சார். எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தான்."

"மக்களோடு நானும் நிற்கிறேன்!" பேனாவை வாங்கி, பட்டத்தையும் சேர்த்து அழுத்திக் கையெழுத்திட்டார்.

அல்போன்சம்மாள் டின்னை நகர்த்தித் தாளை எடுத்து எண்ணிப் பார்த்தாள்.

"ரொம்ப டேங்க்ஸ் சார். தினம் வந்து கதவு தட்டுற ஆளை இந்தப் பக்கமே விடக்கூடாதுன்னு மனு, உங்களோட சரியா ஐம்பது."