அருள் பூத்த ரீல்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுண்ணாம்பாற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைவிட வரிசையில் நின்றவர்கள்தான் அதிகம். ஆளுக்கொரு தூண்டில், அதில் நரம்பு சுற்றும் ரீல், தோளில் ஈரம் சொட்டும் லைஃப் ஜாக்கெட். கயாக் என்கிற ஒற்றை ஆள் படகில் முகத்துவாரம் வரை துடுப்புப் போட்டு, அலையில் நனைந்து, உப்பில் ஊறித் திரும்பியவர்கள். களைத்துப்போன மனிதன் நேரே வீட்டுக்குப் போவான். இவர்கள் ரீலைக் கழுவிக்கொள்ள ஜலகுருவிடம் போனார்கள்.

ஜலகுரு சக்கரபாணி ஒரு பழைய வெள்ளை வேனில் எழுந்தருளியிருந்தார். உள்ளே செம்பு நிறத்தில் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் தொட்டி, பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார், பூவாளி மாதிரி தண்ணீர் தெளிக்கும் குழாய். வேனின் நெற்றியில் ‘புனித நீர்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. புதுச்சேரியில் எதையும் பிரெஞ்சில் எழுதிவிட்டால் பாதிச் சந்தேகம் போய்விடும். மீதிப் பாதியைப் போக்கத்தான் குருவுக்குத் தாடி இருந்தது.

சில வருஷம் முன்பு இவர் நெல்லித்தோப்பில் வாஸ்து மீன்தொட்டி விற்றார். தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. இனி உயிரில்லாத சாமான்களுக்கு மட்டும் அருள்பாலிப்பது என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான். செத்த ரீல் மிதந்து காட்டிக் கொடுக்காது.

“ரீல்ல படியிறது உப்பு இல்லப்பா, கடலோட கண்ணேறு!” என்றார் குரு. “வீட்டுக் குழாய்த் தண்ணில கழுவினா இன்னும் உள்ள இறங்கிடும். என் தண்ணிக்கு மட்டும்தான் அது பயப்படும். ஆனா ஒண்ணு. இதை நாக்குல மட்டும் வெச்சிடாதீங்க. வாக்கு போயிடும். அப்புறம் ஊமைதான்!”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள். குருவுக்கு வேண்டியதும் அதுதான்.

வரிசையின் முதல் ஆள் கலைவாணன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மற்றவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்பவன். சொந்த ஊர் தவளக்குப்பம் பக்கம். அங்கே நிலத்தை அக்கா தனக்கொடி பார்த்துக்கொள்கிறாள். போர்வெல் தண்ணீர் உப்பேறி, பசுமாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்றைக்கே அவள் நெல் போடுவதை நிறுத்திவிட்டாள்.

கலைவாணன் கையில் இருந்தது புது ரீல். வாஷிங் மெஷினுக்கென்று எடுத்துவைத்த போனஸில் வாங்கியது. அதனால் மனைவி சிவசங்கரி இன்னும் கையால்தான் துவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு கயாக் மீன்பிடிப் போட்டி. முதல் பரிசு வாஷிங் மெஷின். ‘ரீல் வாங்கினதே உனக்கு மெஷின் ஜெயிக்கத்தான்’ என்று அவளிடம் சொல்லியிருந்தான். இப்போது அந்த ரீல் சுற்றும்போது கரகரவென்றது.

“குருவே, சத்தம் வருது. மேல வேற வெள்ளையா படிஞ்சிருக்குது.”

குரு ரீலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

“அருள் பூத்திருக்குது!”

கூட்டம் முண்டியடித்தது. சிலர் அந்த வெள்ளையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற அன்வருதீன் தன் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெல்லித்தோப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். “எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுப்பா. சும்மா ஒரு சேஃப்டிக்கு வரேன்” என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரமும் தவறாமல் வருவார்.

“என்னுதுல இன்னும் பூக்கலியே” என்றார் ஏக்கமாக.

“மனசுல சந்தேகம் இருந்தா பூக்காது” என்றார் குரு.

கலைவாணன் பெருமையோடு ஒரு கேன் புனித நீரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சிவசங்கரி துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஏங்க, ரோஜாச்செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரேயர் சும்மாதானே கெடக்குது? குழாய்த் தண்ணி ரொப்பி எடுத்துட்டுப் போனா கரையிலயே கழுவிக்கலாமே?”

“உனக்குத் தெரியாது சங்கரி. அருள் பூத்திருக்குது.”

அவள் ரீலைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தபோது கேன் காலி.

“அந்தத் தண்ணி எங்க?”

“காய்ச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை நானும் வரேன்” என்றாள்.

போட்டி நாள். படகில் ஏறுமுன் ஒரு அருள் தெளிப்புக்காக எல்லாரும் வேனைச் சுற்றி நின்றார்கள். சிவசங்கரி ஒரு டப்பாவோடு முன்னால் வந்தாள். உள்ளே மாங்காய்க் கீற்று.

“குருவே, ஒரு துண்டு எடுத்துக்குங்க.”

ஓசி மாங்காயை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு குரு துறவி அல்ல. ஒன்று தின்றார். இன்னொன்று எடுத்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

“உப்பு நல்லா சேந்திருக்குதும்மா!”

“எல்லாம் உங்க அருள்தான். உங்க கேன் தண்ணிய சுண்டக் காய்ச்சினேன், சட்டில இந்த உப்புதான் நின்னுச்சு. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியையும் அதே அளவு காய்ச்சிப் பாத்தேன். சட்டில லேசா ஒரு கறை, அவ்ளோதான்.”

குருவின் தாடை பாதி மெல்லலில் நின்றது. அன்வருதீன்தான் முதலில் கேட்டார்.

“அப்ப வாக்கு? ஊமையாவணுமே?”

“குருவுக்கு... விதிவிலக்கு” என்றார் சக்கரபாணி.

சிவசங்கரி ஒரு துண்டைக் கடித்தாள். “நானும் பேசறேனே.”

டப்பா கை மாறியது. அத்தனை பேரும் தின்றார்கள். ஒருவனும் ஊமையாகவில்லை. மாறாக, இத்தனை வாரம் மூடியிருந்த வாயெல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது.

“யோவ், எங்கய்யா புடிக்கிற இந்தத் தண்ணிய?”

“தவளக்குப்பத்தாண்ட ஒரு போர்ங்க” என்றார் குரு, வேனின் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டே. “தனக்கொடின்னு ஒரு அம்மா. ‘மாடு கூட குடிக்காது, வண்டி கழுவணும்னா சும்மா எடுத்துக்கோ’ன்னாங்க.”

கலைவாணனுக்குத் தண்ணீருக்குள் குதித்துவிடலாமா என்று இருந்தது. அக்கா ஓசியில் கொடுத்ததைத் தம்பி காசு கொடுத்து வாங்கி, வணங்கி, வீட்டுக்கும் தூக்கி வந்திருக்கிறான். இதற்கு எந்த இன்சூரன்சும் கிடையாது.

வேன் கிளம்பிய வேகத்தில் தண்ணீர்க் குழாய் கரையிலேயே விழுந்துவிட்டது. போட்டி தொடங்கியது. கலைவாணன் தூண்டிலில் கை நீளத்துக்குக் கொடுவா மீன் ஒன்று மாட்டியது. ரீலைச் சுற்றினான். அருள் முற்றிப் போயிருந்தது, ரீல் அசையவில்லை. தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு கொடுவா போய்விட்டது.

அன்வருதீனின் ரீல் மட்டும் வெண்ணெய் மாதிரி சுற்றியது. முதல் பரிசு அவருக்கு.

“பாய், நீங்களும் அதே தண்ணிலதானே கழுவினீங்க?” என்றான் கலைவாணன்.

அன்வருதீன் நெளிந்தார். “வாட்டர் பாட்டில் மூடில நாலு ஓட்டை போட்டு எப்பவும் பைக்குள்ள வெச்சிருப்பேன்ப்பா. இவரு கழுவினதும் அந்தாண்டை போயி நல்ல தண்ணில இன்னொரு தரம் அலசிடுவேன். சும்மா ஒரு சேஃப்டிக்கு.”

“அதை எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே பாய்!”

“நாலு பேர் நம்பறப்ப நான் ஒருத்தன் எப்படிப்பா சொல்றது?”

வாஷிங் மெஷின் அன்வருதீன் வீட்டுக்குப் போனது. கலைவாணன் வீட்டில் துணி துவைப்பது இப்போது கலைவாணன். மீன் பிடிக்கப் போகும்போது ரோஜாச்செடி ஸ்ப்ரேயர் கூடவே போகிறது.

குரு அடுத்து எந்த ஊரில் எதைத் தெளிக்கிறாரோ தெரியாது. கூட்டம் மட்டும் நிச்சயம் இருக்கும். தனக்கொடியின் பசுமாடு எந்தப் பள்ளிக்கூடமும் போனதில்லை. அது கூட அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வந்தது. மனிதர்களே, மாடு அளவுக்காவது யோசியுங்கள்.