வெள்ளரிக்காயில் வடிந்த எண்ணெய்

வெள்ளரிக்காயிலிருந்து அரை டம்ளர் எண்ணெய் வடிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். சிரிக்காதீர்கள். முந்நூறு பேர் சாட்சி. அதுவும் நாற்பது பேர் உட்காரும் உணவகத்தில்!

எல்லாம் ‘கொழுப்பெடுக்கும் மகான்’ வந்த பிறகுதான். பொரித்த கோழித் தட்டுக்கு மேலே கையை விரித்து முணுமுணுப்பார். உள்ளங்கையிலிருந்து மஞ்சள் எண்ணெய் சொட்டுச் சொட்டாக டம்ளரில் விழும். கொழுப்பு போயிற்று, கோழி சுத்தம்! அப்புறம் எத்தனை தட்டு தின்றாலும் உடம்பில் ஒட்டாதாம். வரிசை தெருமுனையில் திரும்பி நின்றது. வந்தவர்கள் புத்தியை மட்டும் வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள்.

வரிசையில் முதல் ஆள், என் தங்கை வீட்டுக்காரர். தையற்காரர். இருதயத்தில் அடைப்பு, பொரித்ததைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடவில்லை, விழுங்கினார். நாளுக்கு மூன்று தட்டு!

தங்கை உணவக முதலாளியிடம் போனாள். “வேகவெச்ச காய்கறி, சாலட்னு ரெண்டு அயிட்டம் போடுங்க முதலாளி. இவரை மாதிரி எத்தனை பேர் வர்றாங்க!”

“எதுக்கும்மா? அதான் மகான் சுத்தமாக்கிடறாரே!”

“அப்ப நான் கொண்டு வர்ற தட்டையும் சுத்தமாக்கச் சொல்லுங்க.”

மறுநாள் மூடி போட்ட தட்டோடு வந்தாள்.

“திறக்காதீங்க சாமி, ஆறிடும்.”

மகான் கையை விரித்தார். “அடேங்கப்பா! கொழுப்பு கொதிக்குதே!” அரை டம்ளர் நிறைந்தது. கைதட்டல் கூரையைப் பெயர்த்தது.

தங்கை மூடியை எடுத்தாள். வெறும் வெள்ளரிக்காய்த் துண்டுகள்.

“வெள்ளரிக்காயிலேருந்தே எடுத்துட்டாரு! என்ன சக்தி!” என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடியும் கைதட்டல்!

தையற்காரர் மட்டும் தட்டவில்லை. மகானின் சட்டைக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷமா தைக்கறேன். கைக்குள்ள பை வெச்சுத் தைக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல சாமி,” என்று பிடித்து ஒரே இழுப்பு. தையல் விட்டது. எண்ணெய் நிரம்பிய ரப்பர் பையும் குழாயும் மேசையில் பொத்தென்று விழுந்தன. மகான் ஒற்றைக் கையில்லாத சட்டையோடு சமையலறை வழியாகப் பறந்தார்.

அடுத்த நாள் உணவகப் பலகையில் முதல் வரி: வேகவைத்த காய்கறி. அந்தத் தட்டின் முன்னால் தண்டனைக் கைதி மாதிரி தையற்காரர்.

“நீதான் எதையும் நம்பாதவளாச்சே. எண்ணெய் வந்துச்சா இல்லையா, சொல்லு!” என்று தங்கையைச் சீண்டினேன்.

“முந்நூறு பேருங்கறது உன் புளுகு. ஆனா எண்ணெய் வந்துச்சு அண்ணா, நானும்தான் பார்த்தேன். எவ்வளவு வருதுன்னு வாயைப் பிளந்தீங்களே, எங்கேருந்து வருதுன்னு முதல் நாளே ஒருத்தராவது கேட்டீங்களா?”