ஊசி மிஷின் பிடித்த பேய்

"நீ நின்னாத்தான்டி கத்துது! நான் நின்னப்பக் கத்துச்சா? சொல்லு, கத்துச்சா?"

"அதுக்கு நானென்னுங்க்கா பண்ணட்டும்? துணியத்தான வெச்சேன்? நானா போயி மிஷினுக்குள்ள படுத்துக்கிட்டேன்?"

"படுத்துத்தான் பாரேன், அப்பத் தெரியும் சங்கதி!"

அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சண்டையைக் கேட்டு இளங்குமரன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர்தான் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். கத்தின குரல் ஒச்சம்மாளுடையது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். மெதுவாகப் பேசினாலே மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். பதில் சொன்னவள் பிரிசில்லா. பொங்கலூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். போன வாரம்தான் வேறு யூனிட்டிலிருந்து இங்கே மாற்றியிருந்தார்கள்.

சண்டை நீடில் டிடெக்டரைப் பற்றி. கைக்குழந்தைகளுக்கான துணி எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அந்த மிஷினின் பெல்ட்டில் ஏறி இறங்கியாக வேண்டும். தைக்கும்போது உடைந்த ஊசிமுனை எங்காவது சிக்கியிருந்தால் மிஷின் "கீ...."யென்று கத்திப் பெல்ட்டை நிறுத்திவிடும். இன்றைக்குக் காலையிலிருந்து பிரிசில்லா வைக்கிற பீஸுக்கெல்லாம் கத்துகிறது. அதே பீஸை ஒச்சம்மாள் வைத்தால் கம்மென்று போகிறது.

இளங்குமரன் டீயை மீதி வைத்துவிட்டு எழுந்தார். முதலாளி குமாரசாமி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் துணி வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து தரம் பாக்கற க்யூசி வர்றாருங்க. மிஷின் ஓடறதக் கண்ணுல பாத்தாத்தான் லாட்டப் பாஸ் பண்ணுவாரு. இன்னிக்கு வண்டி தூத்துக்குடிக்குக் கெளம்பலீன்னா, நாளையிலருந்து நீங்க ஊட்லயே இருந்துக்கலாமுங்க."

குமாரசாமி 'டா' போட்டுத் திட்டினால் பயமில்லை, அரைமணி நேரத்தில் மறந்துவிடுவார். 'ங்க' போட்டுத் திட்டினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். இந்த வயதில் சாப்பாட்டுப் பையோடு எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பது?

இளங்குமரன் முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பிரிசில்லாவின் வளையல், ஹேர்பின், கம்மல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பீஸைத் திருப்பிப் போட்டுத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிரிசில்லா மறுபடி வைத்தாள்.

"கீ...."

அந்த இடத்தில்தான் அவருக்குள் இருந்த துப்பறிவாளர் எழுந்து உட்கார்ந்தார்.

இளங்குமரனுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். அதிலும் சும்மா வெள்ளைச் சேலை பறக்கிற படம் பிடிக்காது. ஒரு துப்பறிவாளர் வர வேண்டும், பிடித்திருப்பது எந்த ஆவி, அதற்கு என்ன வேண்டும், எப்படி விரட்டலாம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த மொழியில் வந்தாலும் விடமாட்டார். பார்த்த படத்தை டீ டைமில் ஆண்கள் கூட்டத்துக்குச் சொல்வார், ஆளுக்கொரு குரல் வைத்து, முன்னாடியே தனியாக ஒத்திகை பார்த்துக்கொண்டு. அந்த மாதிரிப் படங்களில் துப்பறிவாளர் பாழடைந்த பங்களாவுக்குள் கையில் ஒரு கருவியோடுதான் நுழைவார். ஆவி நிற்கிற இடத்தில் அந்தக் கருவி கீயென்று கத்தும்.

மிஷின் கத்துகிறது. ஊசி இல்லை. அப்படியென்றால்?

பிரிசில்லாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"திடீர்னு குளுருதாம்மா?"

"ஃபேனுக்கு நேரா நின்னா குளுருமுங்க."

"தெரியாத பாஷை ஏதாச்சும் பேசறியா?"

"இந்தி பேசறனுங்க சார்."

"எப்பருந்து?"

"அயர்ன் பண்ற பீகார் பசங்ககிட்ட வேல வாங்கோணுமில்லீங்க?"

அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இந்தி பேசுகிறவர்களுக்கெல்லாம் பேய் என்றால் பாதித் திருப்பூருக்கு வேப்பிலை அடிக்க வேண்டிவரும்.

"கெட்ட கனாக் கினா வருதா?"

பிரிசில்லா அவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். "வருதுங்க" என்றாள். யார் வருகிறார்கள் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், இளங்குமரனுக்குச் சந்தேகமே இல்லை.

அவர் செய்த பெரிய தப்பு, அதை ஒச்சம்மாளிடம் சொன்னது.

"ஒச்சம்மா, யாருகிட்டயும் சொல்லாத. அந்தப் புள்ள மேல என்னமோ இருக்குது. மிஷின் அதத்தான் புடிக்குது. க்யூசி போற வரைக்கும் மிஷின்ல நீயே நின்னுக்க."

"ஆத்தாடி! அவ தொட்ட மிஷின்லயா? நான் மாட்டேன்ப்பா. இங்கன வந்தது கூலிக்குத்தேன், பேய்கூடக் குடும்பம் நடத்த இல்ல!"

மெயின் ரோடு வரைக்கும் கேட்கிற குரல். செக்‌ஷன் முழுக்க எழுந்து நின்றது. அயர்ன் டேபிள் பையன் ஒருவன் "பூத்! பூத்!" என்று இந்தியில் பேயைச் சொல்லிக் கத்திக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினான். இப்போது மிஷினைத் தொட ஒருத்தி இல்லை, பிரிசில்லாவைத் தவிர.

சரி, சாமி இருக்கிறது. இளங்குமரன் சட்டைப்பையில் எப்போதும் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பார். "முருகா" என்று ஒரு பிடி எடுத்து மிஷின் மேல் தூவினார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது அவர் நினைவில் இல்லை. அத்தனை விபூதியும் பறந்துபோய்ப் பக்கத்து டேபிளில் மடித்து வைத்திருந்த கருநீல ரோம்பர் உடுப்புகள் மேல் இறங்கியது. வெளிநாட்டுக் குழந்தைகள் எல்லாம் பழனிக்கு நடந்து போய்வந்த மாதிரி ஆகிவிட்டது. அதைத் தட்டி, காற்றடித்து, தடவி எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு போயிற்று.

மிஷின் பிரிசில்லாவைப் பார்த்து முன்னைப்போலவே கத்தியது.

அடுத்ததாக வேன் டிரைவர் ரத்தினசாமியைக் கூப்பிட்டு, "கோயில் வாசல் கடையில செக்‌ஷனுக்கே மந்திரிச்ச தாயத்து வாங்கிட்டு வாங்க, ஓடுங்க" என்று அனுப்பினார். ரத்தினசாமி ஒரு பை நிறையக் கறுப்புக் கயிறோடு வந்தார். பெண்களுக்கு இடது கை, ஆண்களுக்கு வலது கை. எல்லோரும் வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள். பிரிசில்லா மட்டும் இரண்டடி பின்னால் போனாள்.

"எனக்கு வேண்டாமுங்க சார். சர்ச்சுல வைவாங்க."

"பாத்தியா, தாயத்தக் கண்டதும் பின்னால போவுது!" என்று ஒச்சம்மாள் பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள்.

தாயத்துக் கட்டின தைரியத்தில் ஒச்சம்மாளே மிஷினுக்கு வந்தாள். ஒரு பீஸை எடுத்து வைத்தாள்.

"கீ...."

அவள் அலறிக்கொண்டு விலக, இன்னொருத்தி வைத்தாள். கீ. இன்னொருத்தி. கீ. சாமி கயிற்றை இரும்புக் கணக்கில் சேர்க்க யாருக்கு மனசு வரும்? ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"எல்லாத்துக்கும் பரவிருச்சே!" ஒச்சம்மாள் உட்கார்ந்து அழுதாள். "ஒருத்தி மேல இருந்தத, செக்‌ஷனுக்கே பங்கு போட்டுக் குடுத்துட்டீகளே, நீங்க நல்லா இருப்பீகளா!"

பாதிப் பேர் கேட்டுக்குப் போய்விட்டார்கள். வாட்ச்மேன் சாவியை எடுத்து ஜட்டிக்குள் போட்டுக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள். ஆபீஸ் ரூமிலிருந்து குமாரசாமியின் குரல் வந்தது. "என்னுங்க இளங்குமரன், என்னுங்க அங்க சத்தம்?" 'அங்க'வையும் சேர்த்து மூன்று 'ங்க'. இனி வேலை போன மாதிரிதான்.

இளங்குமரன் தன்னந்தனியாக மிஷின் முன்னால் நின்றார். போகிறதுதான் போகிறது, பேயோடு நேருக்கு நேர் பார்த்துவிடுவோம் என்று ஒரு ரோம்பரை எடுத்து வலது கையால் வைத்தார்.

"கீ...."

அவருக்குள்ளும்! ரோம்பர் கீழே விழுந்தது. குனிந்து இடது கையால் எடுத்தார், வலது கையைப் பத்திரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, இடது கையாலேயே பெல்ட்டில் வைத்தார்.

சத்தமில்லை.

மறுபடி வலது. கீ. இடது. சத்தமில்லை.

அவர் யோசித்தார். பார்த்த படத்தையெல்லாம் ஒன்று விடாமல் யோசித்தார். எந்தப் படத்திலும் பேய் ஒரு கையில் மட்டும் குடியிருந்ததில்லை.

வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தாயத்து.

"ரத்தினசாமி! என்ன தாயத்துங்க வாங்கியாந்தீங்க?"

"சாதாக் கயிறுதான் குடுத்தாங்க. நாந்தான், பேய் பெருசா இருக்கும்னு, உள்ள இரும்புத் தகடு வெச்சதாப் பாத்துக் கேட்டு வாங்கியாந்தனுங்க!"

எல்லாத் தாயத்தையும் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஆபீஸ் ரூமில் வைத்தார்கள். ஒச்சம்மாளைக் கெஞ்சிக் கூப்பிட்டு வந்து ஒரு பீஸ் வைக்கச் சொன்னார்கள். சத்தமில்லை. அடுத்தவள், அதற்கடுத்தவள். சத்தமில்லை. கேட்டில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

கடைசியில் பிரிசில்லா.

"கீ...."

ஆனால் இந்தத் தடவை இளங்குமரன் பயப்படவில்லை. தாயத்துக்கு ஒரு விளக்கம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

"பிரிசில்லா, கையில காதுல இல்லீன்னு பாத்தாச்சு. வேற எங்கயாச்சும் இரும்பு வெச்சிருக்கியாம்மா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. ஒச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு பாத்ரூம் போனாள். திரும்பி வந்தபோது ஒச்சம்மாள் கையில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், மாட்டு லாடத்து ஆணி, தடியாக, துரு ஏறி.

"இடுப்புல சொருகி வெச்சிருந்திருக்கா, கூறுகெட்டவ!" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் பிரிசில்லாவின் தோளில் கைபோட்டுக்கொண்டாள். "பேய்னு சொல்லிப்புட்டேன்டி, மனசுல வச்சுக்கிடாத."

அப்புறம் எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி. க்யூசி வந்தார், மிஷின் பக்கத்தில் நின்றார். பிரிசில்லா வைக்க வைக்கப் பீஸ் போய்க்கொண்டே இருந்தது. மிஷின் மூச்சுக் காட்டவில்லை. நல்ல ஓட்டம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். பொழுது சாயும்போது வண்டி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. குமாரசாமி கேட் வரை வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு நேரத்துல வந்து தொலைடா" என்றார். அந்த 'டா' இளங்குமரன் காதில் தேனாக விழுந்தது.

ஒரு காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடித்தார். வேனுக்குக் கிளம்பிய பிரிசில்லாவைக் கூப்பிட்டார். ஆணி அவர் உள்ளங்கையில் இருந்தது.

"கோவமில்லம்மா. இத எதுக்கு வெச்சிருந்த?"

"இரும்பு கூட இருந்தா பேய் அண்டாதுன்னு நேத்துத்தான் எங்க மாமியா குடுத்தாங்க சார். சர்ச்சுக்குத் தெரியாம வெச்சிருந்தேன்."

"தாயத்து வேண்டாம்னியே?"

"இரும்புக்கு மதமெல்லாம் இல்லீங்களே."

இளங்குமரன் சிரித்துவிட்டார். பெரிய மனிதர் தோரணையில், "பேய் பிசாசுன்னு ஒண்ணுமே கெடையாது கண்ணு. எல்லாம் மனப் பிராந்தி. இந்தக் கம்பெனியில எதைப் பாத்துப் பயந்த?" என்று கேட்டார்.

பிரிசில்லா வேன் இருக்கிற பக்கம் இரண்டடி நகர்ந்து, ஓடத் தயாராக நின்றுகொண்டு சொன்னாள்:

"போன வாரம் ஸ்டாக் ரூம்ல, பக்கத்துல ஒருத்தருமே இல்லாம, கண்ண உருட்டிக்கிட்டுப் பொம்பளைக் கொரல்ல 'உன் ரத்தத்தக் குடிக்காம உடமாட்டன்டா'ன்னு கத்திட்டு நின்னீங்களே, உங்களப் பாத்துத்தானுங்க சார்."

ஆணி இன்னும் இளங்குமரன் கையில்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு மிஷின் கத்தும், கொடுக்காவிட்டால் பிரிசில்லா கத்துவாள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? படித்தவர்கள் சும்மா போய்விடாமல் கீழே ஒரு வரி எழுதுங்கள்.