பயப்படாதம்மாவும் தூசி மிஷினும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அந்த நாட்களில் பிறந்தவர்களில் பாதிப் பேர், இந்த உலகத்துக்கு வந்து முதலில் கேட்ட வார்த்தை 'பயப்படாதே' என்பதுதான். சொன்னது பெற்ற தாய் அல்ல. பிரசவம் பார்த்த மிட்வைஃப் அம்மாள். வலியில் துடிக்கிற பெண்ணிடம் அதைச் சொல்வார். வாசலில் நடை போடுகிற புருஷனிடம் சொல்வார். வழியில் குரைக்கிற நாயிடமும் சொல்வார், நாய் உட்கார்ந்துவிடும். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கோயில் சாமியாருக்காவது தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் பயப்படாதம்மா.

நான் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. பல்லி, மேலதிகாரி, இடி எல்லாவற்றுக்கும் பயம். எல்லாவற்றையும்விடக் கரண்டுக்குப் பயம். அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூடத்தில் ஒரே ஒரு பல்பு. அதன் ஸ்விட்சை நான் குடைப்பிடியால்தான் தட்டுவேன்.

அம்மாவின் கணவரை எல்லாரும் டிராயிங் சார் என்போம். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவர். மூச்சிழுப்பு வந்து வேலையை விட்டுவிட்டார். படுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்பதால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். வீட்டில் தூசி சேரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவோ மணல் தெரு. பெருக்கினால் தூசி எழும்பும், பெருக்காவிட்டால் படியும். அம்மா ஈரத்துணியும் கையுமாக நாள் முழுக்கத் தரையைத் துடைப்பார். தரையைத் துடைக்கலாம். பஞ்சு மெத்தையை எப்படித் துடைப்பது?

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அம்மாவிடம் பிள்ளை பெற்ற ஒரு துரைசாணி, கப்பல் ஏறுமுன் வீட்டைத் திறந்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். பியானோ இருந்தது. பீங்கான் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அம்மா கை காட்டியது, கிடங்கு மூலையில் கிடந்த பழைய வாக்குவம் கிளீனரை. "அது ஓடி எத்தனையோ காலமாயிற்று" என்று துரைசாணி தடுத்திருக்கிறாள். அம்மா அதற்குள் அதை ஜட்காவில் ஏற்றிவிட்டார்.

கனமான இரும்புத் தலை, அதிலிருந்து நீளும் கைப்பிடி, கைப்பிடியில் தொங்கும் ஆளுயரக் கறுப்புப் பை. இறக்கி வைத்ததும் தெருவே கூடிவிட்டது.

"இது என்னாம்மா, பீரங்கியா?" என்றார் ஜட்காக்காரர்.

"தூசி மிஷின். காத்தை உறிஞ்சித் தூசியைப் பையில போட்டுக்கும்."

"காத்தை அது உறிஞ்சிட்டா நாம என்னா பண்றதும்மா?"

அம்மா அன்று வரை ஸ்க்ரூ டிரைவரைக் கையால் தொட்டதில்லை. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கினார். பிரசவத்துக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டார். கட்டில் பலகையில் வெள்ளைத் துணி விரித்து மிஷினைக் கிடத்தினார். நான் நைசாக மாடிப்படி ஏறப்போனேன்.

"தம்பி, எங்க போறே? வந்து விளக்கைப் பிடி."

"எனக்கு மிஷின் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா."

"எனக்கு மட்டும் தெரியுமா? தெறந்து பார்த்தா அதுவே சொல்லும்."

திறந்தார். உள்ளே தூசி தட்டும் உருளையைச் சுற்றி, துரைசாணியின் பொன்னிற முடியும் அவள் நாயின் வெள்ளை முடியும் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தன. இடுக்கியால் அத்தனையையும் பிடுங்கினார். ஒரு முத்துப் பொத்தான் வந்தது. பாதி பிஸ்கோத்து வந்தது. கழற்றிய ஒவ்வொரு சாமானையும், எது எங்கே இருந்தது என்று டிராயிங் சார் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் வரைந்து வைத்தார். அத்தனை அழகான ஆணிகளை நான் அப்புறம் எங்கும் பார்க்கவில்லை.

உருளையைச் சுழற்றும் ரப்பர் வளையம் தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது. சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினார். எல்லாவற்றையும் பூட்டி, பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மிஷினின் ஒயரைச் செருகி, ஸ்விட்சைப் போட்டார். நான் கொல்லைப்புறத்தில், கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

மறுபடி கழற்றினார். வயிற்றில் இருக்கும் குழந்தையின் நாடி கேட்கிற மரக்குழலை மோட்டார்மேல் வைத்துக் காதைக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கையால் அதைச் சுற்றினேன். நல்ல வேளை, ஒயரை உருவியிருந்தார்.

"ஒரு பக்கம் உரசுது, ஒரு பக்கம் உரசவே இல்ல" என்றார். குடைந்து பார்த்தபோது, கரண்டை மோட்டாருக்குள் கொண்டுபோகிற இரண்டு கரித்துண்டுகளும் துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. கடலூர்க் கடைகளில் கேட்டால், அடுப்புக் கரி வேண்டுமா என்றார்கள்.

அப்போதுதான் அவருக்குச் சிதம்பரத்து சினிமா ஆபரேட்டர் நினைவு வந்தது. அவர் மனைவிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது அம்மாதான் பார்த்தார். அந்தக் காலத்தில் படம் காட்டும் மிஷினுக்குள் இரண்டு கரிக்குச்சிகள் எரிந்துதான் வெளிச்சம் வரும். என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

நாங்கள் போனபோது பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நேரே ஆபரேட்டர் அறைக்குப் படியேறினார்.

"அக்கா, படம் ஓடுது. கொஞ்சம் கீழ இருங்க" என்றார் அந்த மனிதர்.

"அது பாட்டுக்கு ஓடட்டும். எரிஞ்சது போக மிச்சக் கரியை என்னா பண்றே?"

மூலையிலிருந்த தகர டப்பாவை எடுக்க ஆபரேட்டர் திரும்பினார். எரிய எரியக் குச்சிகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த ஒரு நிமிஷம் அவருக்கு மறந்துவிட்டது. வெளிச்சம் அணைந்தது. கதாநாயகி பாதி அழுகையில் மறைந்துபோனாள். கொட்டகை முழுக்க விசில், கூச்சல், பெஞ்சைத் தட்டும் சத்தம்.

அம்மா சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாதீங்க, இப்ப வந்துடும்."

கொட்டகை கப்சிப் என்று ஆயிற்று. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் இருட்டில் எழுந்தது. "அக்கா, நீங்களா? பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிடுச்சுக்கா."

டப்பாவோடு ஊர் திரும்பினோம். கரித்துண்டுகளைப் பழையவற்றின் வடிவத்துக்குக் கொண்டுவர அம்மா அவற்றை அம்மிக்கல்லில் தேய்த்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி கறுப்பாக இருந்தது.

இந்தத் தடவை ஸ்விட்சைப் போட்டதும் மிஷின் ஓடியது. அது ஓடிய சத்தத்தில் மாதா படம் சுவரில் ஆடியது. ஏரோப்ளேன் இறங்குகிறதென்று தெருப்பிள்ளைகள் வானத்தைப் பார்த்தார்கள். டிராயிங் சார் கை தட்டினார். கறுப்புப் பை உப்பிக்கொண்டு எழுந்து நின்றது.

பையை யாரும் பார்க்கவில்லை. பூச்சி அரித்து அதில் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக ஓட்டை. துரைசாணி காலத்துத் தூசி முழுவதும் அந்த வழியாகப் புகைபோலக் கூடத்தில் நிரம்பிவிட்டது.

கை தட்டிக்கொண்டிருந்தவர் இரும ஆரம்பித்தார். பிறகு இருமக்கூட முடியவில்லை. உதடு நீலமாகிவிட்டது. அம்மாவும் நானும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் வைத்தோம். அம்மா அவர் முதுகைத் தடவினார், ஆவி பிடிக்க வைத்தார், மருந்தைக் கொடுத்தார்.  வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

வெகு நேரம் கழித்து மூச்சு சீரானது. அம்மா எழுந்தார்.

"தம்பி, அந்தச் சனியனை எடு. கெடிலம் ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வரலாம்."

நான் போனேன். அம்மா சொன்னால் செய்துதானே ஆக வேண்டும். கைப்பிடியில் கை வைத்தபோது சார் விரலை அசைத்துத் தடுத்தார். அவரால் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச முடிந்தது.

"மிஷின் நல்லாத்தான் ஓடுது. பைதான் ஓட்டை. நாளைக்குத் தைச்சுக்கலாம். இப்ப எனக்குக் காப்பி போடு."

 அம்மா உள்ளே போய்க் காப்பி போட்டார். அடுப்படியில் வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் தன் பழைய வெள்ளை யூனிஃபாரம் இரண்டைக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, தண்ணீர்கூடக் கசியாத நெருக்கத்தில் ஒரு பை தைத்தார். சாரைத் தெருவின் மறுகோடியில் தெரிந்தவர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மெத்தையை முற்றத்தில் போட்டு மிஷினை ஓட்டினார். சும்மா நின்ற என்னிடமும் கைப்பிடியைக் கொடுத்தார். நானும் ஓட்டினேன். கையில் குடை இல்லை என்பது பாதியில்தான் ஞாபகம் வந்தது. மெத்தைக்குள் இருந்து கொட்டிய தூசியில் ஒரு தோட்டமே போடலாம். வெள்ளைப் பையிலிருந்து ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை ஆபீசுக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தேன். கூடத்தில் சாய்வு நாற்காலி காலியாகக் கிடந்தது. கட்டிலில் டிராயிங் சார் காலை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா கீழே தரையில், கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தெரு முனை தாண்டும் வரை அதைக் காலில் போட எனக்கு மனசு வரவில்லை.